மலரின் பதினான்காம் பக்கம்

தோட்ட ஒன்றுகூடல் மலர்க்குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய மலர் உள்ளடக்கத்தைப் படித்தேன். மாரியம்மன் கோயில் திருவிழா, காற்பந்துக் குழு, நம் பிள்ளைகளில் பட்டம் வாங்கியவர்கள், கடைசிப் பெரிய கிராணி (தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தர்), ரப்பர்ப் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட கதை. எல்லாம் வேண்டியதுதான். பதினான்காம் பக்கத்துக்கு 'இந்திய சுதந்திரப் போரில் நம் பங்கு' என்று தலைப்புப் போட்டு, அதற்கு நேரே 'நேதாஜி படம், முழுப் பக்கம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். குழுவுக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் நம் பீடோங்கைச் சுற்றி நம்மைப் போல மலர் போடும் தோட்டங்கள் இன்னும் பல இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நேதாஜி படம் கட்டாயம் போடுங்கள். எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி அவருக்கும் உண்டு. ஆனால் அவர் நம் தோட்டத்துக்கு வந்ததில்லை. நம் லயங்களிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, அவருடைய இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். போனவர்களின் பிள்ளைகளையும் வேலையையும் தூக்கிச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட உங்கள் பட்டியலில் இல்லை.

என் பாட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது லயத்தில் கடைசி வீடு, வாசலோரம் தையல் மெஷின். பாட்டி காதில் எதுவும் போட்டிருக்க மாட்டார். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்குச்சி செருகியிருப்பார். மாதத்துக்கு ஒருமுறை பழைய குச்சியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சீவி, விளக்கெண்ணெயில் தொட்டுச் செருகுவார். ஏன் பாட்டி தோடு போடலை என்று கேட்டால், "அது இந்தியாவுக்குப் போயிருக்குடி" என்பார். சின்ன வயதில் எனக்கு அது ஏதோ விடுகதை மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்த 1943 கடைசியில் லீக் ஆட்கள், அதாவது இந்திய சுதந்திர லீக்காரர்கள், கோயில் திடலில் கூட்டம் போட்டார்கள். கொடுப்பதை வாங்கத் தரையில் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. பாட்டிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மடியில் ஆறு மாதப் பிள்ளையாக என் அப்பா. பாட்டி எழுந்து போய்த் தோட்டைக் கழற்றப் பார்த்தார். கல்யாணத்தன்று போட்ட திருகு, இறுகிப்போய் அசையவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண் விரலில் எச்சில் தொட்டுத் திருகித் திருகிக் கழற்றிக் கொடுத்தாராம். ஒரு பக்கக் காதில் ரத்தம் கசிந்ததைப் பாட்டி அறுபது வயதுக்கு மேலும் தொட்டுக் காட்டுவார். கொடுத்ததற்கு ஒரு ரசீது தந்தார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான் என்று சேதி வந்த அன்று அந்த ரசீதை அடுப்பில் போட்டார்.

கோலாலம்பூர்க் கூட்டத்தில் ஜானகி தேவர் தன் காதணிகளைக் கழற்றி நேதாஜியிடமே கொடுத்தது எல்லாரும் அறிந்த கதை. அந்த அம்மா பிறகு நேதாஜியின் பெண்கள் படையான ராணி ஜான்சி படையில் அதிகாரி ஆனார், 1946இல் ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தொடங்கியபோது கூட நின்றார், 2000இல் பத்மஸ்ரீ வாங்கினார், 2014இல் காலமானார். எல்லா மரியாதைக்கும் உரியவர்தான். அதே காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் எத்தனையோ பெண்கள் தாலிக்குண்டையும் மூக்குத்தியையும் கழற்றி வேட்டியில் போட்டார்கள். வசதியான வீட்டுப் பெண் கழற்றியது வரலாற்றில் ஏறிவிட்டது. ஒரே ஒரு ஜோடித் தோடு இருந்தவள் கழற்றியது அவள் பேத்திக்கு மட்டும் தெரிகிறது.

சரி, ஏன் கொடுத்தார்கள், ஏன் போனார்கள்? இதை மலரில் மழுப்பாமல் எழுத வேண்டும். நாட்டுப்பற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அவர்களைப் பாதிதான் சொன்னதாகும்.

1943 அக்டோபரில் ஒரே வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 17ஆம் தேதி ஜப்பான்காரன் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் காட்டுக்குள் வந்து சேர்ந்தன. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தப் பாதையில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். மறுநாள் 18ஆம் தேதி நம் கெடா மாநிலமே சயாம் கைக்கு மாறியது. ஜப்பான்காரன் எடுத்துக் கொடுத்துவிட்டான். 21ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். 22ஆம் தேதி வாட்டர்லூ தெருவில் ராணி ஜான்சி படையின் பயிற்சி முகாம் திறந்தது.

நம் லயத்தில் இந்த நான்கும் ஒரே வீட்டுக்குள் நடந்தன. தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனவர். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து அப்படியே ஏற்றியதால், கையில் பால் வெட்டும் உளியோடு போனார். வரவே இல்லை. அவர் போன அதே வருஷம் பாட்டியின் தங்கை, என் சின்னப் பாட்டி, படையில் சேர்ந்தார். அந்தப் படை ஜப்பானோடு சேர்ந்து நின்ற படை. மூத்தவரைக் கொண்டுபோனவனும் ஜப்பான்காரன், இளையவர் போன படைக்குத் துப்பாக்கி கொடுத்தவனும் ஜப்பான்காரன். பாட்டிக்கு இது தெரியாமல் இல்லை. "என்னடி செய்யறது, அன்னிக்கு இருந்தது ரெண்டு லாரிதான்" என்பார். ஒரு லாரி சயாமுக்கு, ஒரு லாரி முகாமுக்கு. படையில் பேர் கொடுத்தால் சயாமுக்குத் தப்பலாம் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு. அதைச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று குழுவில் யாராவது நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவு இரண்டு பக்கமும் இருந்தபோது, நின்று சண்டை போடும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பசியும் ஒரு காரணம். ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலை இல்லை, கூலி இல்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் காசுக்கு மதிப்பில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு.

ஆனால் சின்னப் பாட்டியிடம் கேட்டால் பசியைச் சொல்ல மாட்டார். நாற்காலியைச் சொல்வார். முகாமில் பேர் பதிய வரிசையில் நின்றபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா "உட்காரம்மா" என்றாராம். பதினேழு வயது வரை தோட்ட அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்த தமிழ்ப் பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. வாசற்படியிலேயே நின்று, கிராணி பேர் கூப்பிட்டால் "ஆஜர்" சொல்லிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். உட்காரத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்தேன் என்று கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியை விளங்கிக்கொள்ள இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள், நம் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து என்றார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். முன்னால் நின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கினார்கள். சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். நேதாஜி சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1943 ஜூலை 2. அவர் வந்துதான் நம் ஆட்களுக்கு ரோஷம் வந்தது என்பது போல எழுதுகிறார்களே, அது எனக்கு ஒப்பவில்லை. ரோஷம் முன்பே இருந்தது. அவர் அதற்கு ஒரு சீருடை கொடுத்தார்.

சின்னப் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாத பெண் சேர்வதற்கு வீட்டு ஆண் சம்மதம் வேண்டும். அப்பா இல்லாததால் என் தாத்தா கைநாட்டு வைத்தார். சுங்கை பட்டாணிக்கு லாரி, அங்கிருந்து ரயிலில் சிங்கப்பூர். தலைமுடியைக் கத்தரித்தார்கள், காக்கிக் கால்சட்டை கொடுத்தார்கள், துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ராணி ஜான்சி படையில் பெரும்பாலோர் இவரைப் போலத் தோட்டத்துப் பெண்கள்தான், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். தமிழே எழுதத் தெரியாத பிள்ளைகள் ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி படித்தார்கள். எங்களை வரிசையில் நிறுத்திச் சோறு போடும்போது சின்னப் பாட்டி "ஸாவ்தான்" என்று குரல் கொடுப்பார். நாங்கள் விறைத்து நிற்போம். அது என்ன பாஷை என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அவர் பர்மாவுக்குப் போகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலருக்கு 'போர்முனை கண்டவர்கள்' என்று தேடினால் இவர் வரமாட்டார். பயிற்சி முடிந்ததும் காய்ச்சல் வார்டுக்கும் சமையல் கொட்டகைக்கும் விட்டார்கள். இம்பால் போர் நடந்த 1944இல் இவர் சிங்கப்பூரில் கிழங்கு உரித்துக்கொண்டும் கட்டுத்துணி அலசிக்கொண்டும் இருந்தார். அலசி அலசிக் கை வெந்துபோனது. வெட்கப்பட்டு அதை அவரே சொல்ல மாட்டார். அவர் அக்காவான என் பாட்டிதான் சொல்வார்: "உங்க சின்னப் பாட்டி தொவச்ச துணிக்கு டில்லி வரைக்கும் கொடி கட்டியிருக்கலாம்."

1945 கடைசியில் திரும்பி வந்தார். கழுத்தளவு முடியோடு லயத்துக்குள் நுழைந்தால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். மறுநாளே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனார். பால் வெட்டும் பெண்கள் எல்லாரும் தலைத்துணி கட்டியிருப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடி வளரும் வரை வீட்டுக்குள்ளும் அந்தத் துணியை அவிழ்க்கவில்லையாம். கல்யாணம் தாமதமானது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள் என்று சொன்னார்கள்.

ஏன் மறைத்தார்கள் என்று இப்போது கேட்பது சுலபம். வெள்ளைக்காரன் வந்ததும் சிங்கப்பூர் கடற்கரையில் இருந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்தைத் தகர்த்தான். நேதாஜி அதற்கு அடிக்கல் நாட்டியது 1945 ஜூலை. செப்டம்பரில் அது இல்லை. கல்லையே விட்டுவைக்காதவன் லயத்தில் இருக்கும் ஆளை விடுவானா? தோட்டம் தோட்டமாகத் தொப்பியும் பட்டையும் போட்டோவும் அடுப்புக்கும் கக்கூஸ் குழிக்கும் போயின. அடுத்து 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்து, பிறகு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதியைக் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாய் தன் பிள்ளையிடம் 'நானும் அந்தப் படையில் இருந்தேன்' என்று வாயைத் திறப்பாள்? நம்மிடம் காகிதம் இல்லாததற்குக் காரணம் நம் ஆட்களின் அசட்டை இல்லை. உயிர் பிழைக்க எரித்தார்கள்.

அந்தக் காகிதம் இல்லாததன் வலியையும் பார்த்தவள் நான். விடுதலைப் போராட்டக்காரர்களுக்கு இந்திய அரசு 1972இல் ஓய்வூதியம் அறிவித்தது. பல வருஷம் கழித்து யாரோ சொல்லி, சின்னப் பாட்டி என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். ஆதாரம் கேட்டார்கள். இல்லை என்றார். அதிகாரி பேர் கேட்டார்கள். 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம் என்றார். சிரித்தார்களாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது பீடோங் வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்பா சொன்னார். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அந்தக் காலத்தைப் பேச மாட்டார். 2004இல் போய்ச் சேர்ந்தார்.

போகாமல் இருந்தவர்களுக்கு வருகிறேன். சின்னப் பாட்டி போனபோது அவர் பங்குக் கிழங்குத் தோட்டத்தைக் கொத்தியது பாட்டி. இரண்டாவது லயத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து படைக்குப் போன வீடு ஒன்று இருந்தது. அவர்களின் மூன்று பிள்ளைகளை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக் கிழவி வளர்த்தார். கணவன் மட்டும் திரும்பி வந்தார். கடைசிப் பையனுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை, கிழவியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அந்தக் கிழவிக்கு நம் தோட்டத்தில் பேர் கிடையாது, எல்லாருக்கும் 'ஆயா'தான். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், ஒரு பேர் இருந்திருக்கும். அந்தப் பையன் வழிக் குடும்பம் இப்போது குரூணில் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் தெரியலாம். ஒரே ஒரு பேரைக் கண்டுபிடித்து அச்சில் ஏற்றினால்கூட இந்த மலர் போட்ட காசு எனக்குச் செரித்துவிடும்.

முகாமில் கற்ற பயிற்சி அங்கேயே நின்றுவிடவும் இல்லை. நமக்குப் பக்கத்து ஆர்வர்ட் தோட்டத்தில் 1946இல் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் தொடங்கினார். கள்ளை ஒழிப்பதுதான் முதல் வேலை. கம்பு பிடித்து அணிவகுத்து நடந்தார்கள், கள்ளுக்கடை வாசலில் நின்று மறித்தார்கள். 1947 தொடக்கத்தில் போலீஸோடு மோதல், உயிர்ச்சேதம், சிறை. அந்த அணிவகுப்பை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று நினைக்கிறீர்கள்? திரும்பி வந்தவர்கள் சீருடையைத்தான் எரித்தார்கள். நடையை எரிக்க முடியாதே. நம் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் போனதாகப் பாட்டி சொல்வார். கூலிக்காசு வீடு வந்து சேர்ந்த முதல் மாதம் அதுதான் என்பார்.

இன்னொரு வேண்டுகோள். நேதாஜி 'அடுத்த பிறவியில் தமிழனாகப் பிறப்பேன்' என்று சொன்னார், சர்ச்சில் தமிழர் ரத்தத்தைப் பற்றி ஏதோ சொன்னார் என்று சுற்றுகின்ற வரிகளைத் தயவுசெய்து பதினான்காம் பக்கத்தில் போடாதீர்கள். ஆதாரம் இல்லாத வரிகள் அவை. உண்மையாக நடந்ததே நம்மிடம் இவ்வளவு இருக்கும்போது எதற்கு இரவல் புகழ்? சயாமுக்குப் போனவர்களையும் தனியாக வேறு பக்கத்தில் ஒதுக்காதீர்கள். படைக்குப் போனவர், சயாமுக்குப் போனவர், லயத்தில் இருந்து கிழங்கு கொத்தியவர் மூவரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று போடாமல் அவரவர் பேரிலேயே போடுங்கள். பக்கம் போதாது என்றால் என் குடும்பப் படத்துக்கு ஒதுக்கிய அரைப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறார்கள். அப்போது சின்னப் பிள்ளைகள், இப்போது எல்லாருக்கும் தொண்ணூறை ஒட்டிய வயது. ஒருவருக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. கோயில் திடலில் வேட்டி விரித்ததைப் பார்த்த அத்தை ஒருவர் பீடோங்கிலேயே மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் தேத்தண்ணி குடித்து முடித்ததும் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நன்றாகப் பேசுவார், மத்தியானத்துக்கு மேல் அசந்துவிடுவார். மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு பாசார் முன்னால் என் காரை நிறுத்தியிருப்பேன், மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. பதிவு செய்யப் போன் என்னிடம் உண்டு. குழுவிலிருந்து நல்ல கையெழுத்து உள்ள ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் போதும். அத்தைக்கு மென்மையான பலகாரம் ஏதாவது வாங்கி வாருங்கள், பல் இல்லை.

அன்புடன்,
மூன்றாவது லயம், கடைசி வீட்டுப் பேத்தி
பீடோங்